அம்மாவை யார் குளிப்பாட்டுவது? அமெரிக்க நர்சிங் ஹோமில் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் அம்மா, அப்பா, மாமனார், மாமியார் யாரையாவது நர்சிங் ஹோமில் சேர்த்திருப்பவர்களுக்கும் சேர்க்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் எழுதியது இது. நம்மூரில் நர்சிங் ஹோம் என்றால் சின்னத் தனியார் ஆஸ்பத்திரி. இங்கே சொல்வது முதியவர்கள் மாதக்கணக்கில், பல சமயம் கடைசிவரை தங்கியிருக்கும் இடத்தை. நாடு முழுக்க சுமார் 15,000 இருக்கின்றன. "இவர் என்னைப் பார்த்துக்கொள்ளட்டும், அவர் வேண்டாம்" என்று அங்கே இருப்பவர் எதுவரை சொல்லலாம், எங்கே அது செல்லாது என்பதுதான் விஷயம். மத்திய அரசு விதிகளை வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். உங்கள் மாநிலத்தில் கூடுதல் விதிகள் இருக்கலாம், வக்கீல் தேவைப்படும் நிலைமை என்றால் வக்கீலைப் பாருங்கள்.

இப்படி ஓர் உரிமை நிஜமாகவே இருக்கிறதா, இல்லை சுவரில் ஒட்டிவைக்கிற நோட்டீஸ் மட்டும்தானா?

இருக்கிறது. 1987இல் வந்த நர்சிங் ஹோம் சீர்திருத்தச் சட்டம்தான் அடிப்படை. அதற்கு முன்னால் படுக்கையில் கட்டிவைப்பது, எல்லாரையும் விடியற்காலையிலேயே எழுப்பி வரிசையாகக் குளிப்பாட்டி உட்காரவைப்பது எல்லாம் சாதாரணமாக நடந்தது. மெடிக்கேர் (முதியவர்களுக்கான மத்திய அரசு மருத்துவக் காப்பீடு) அல்லது மெடிக்கெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு காப்பீடு) பணம் வாங்கும் நர்சிங் ஹோம் எதுவாக இருந்தாலும் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது, அந்தப் பணம் வாங்காத இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2016இல் இதன் விதிகளை மொத்தமாகத் திருத்தி எழுதி, அங்கே இருப்பவரின் விருப்பத்துக்கு இன்னும் அழுத்தம் கொடுத்தார்கள்.

ஆனால் "உங்கள் எய்டை (பக்கத்திலிருந்து கவனிக்கும் உதவியாளரை) நீங்களே தேர்ந்தெடுக்கலாம்" என்று ஒரு வரி அதில் கிடையாது. எப்போது எழுவது, எப்போது தூங்குவது, ஷவரா தொட்டியா என்பதெல்லாம் அவர் விருப்பம். கேர் பிளான் (அவரை எப்படிக் கவனிப்பது என்கிற எழுத்துத் திட்டம்) போடும்போது அவரும் உட்கார்ந்து பேசலாம். எந்தச் சிகிச்சையையும் வேண்டாம் என்று சொல்லலாம். அப்புறம், அவருடைய தேவைகளுக்கும் விருப்பங்களுக்கும் நியாயமான அளவுக்கு இடம் கொடுத்தே ஆக வேண்டும், அவருடைய அல்லது அங்கே இருக்கும் மற்றவர்களுடைய உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து வரும் என்றால் மட்டும் விதிவிலக்கு. இப்படித்தான் இருக்கிறது. யார் கவனிப்பது என்கிற கேள்வி இந்தக் கடைசி விதிக்குள் வருகிறது. "எங்கள் ஷெட்யூல் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு ஒரு நர்சிங் ஹோம் தப்பிக்க முடியாது. அதேபோல நீங்கள் கைகாட்டுகிற ஆளையே தினமும் அனுப்ப வேண்டும் என்றும் கட்டாயப்படுத்த முடியாது.

டாக்டரை?

தேர்ந்தெடுக்கலாம், இது நேரடியாகவே எழுதப்பட்ட உரிமை. சிக்கல் வேறு இடத்தில். முதல் 90 நாளில் 30 நாளுக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு குறைந்தது 60 நாளுக்கு ஒருமுறை டாக்டர் நேரில் பார்க்க வேண்டும் என்பது விதி (இடையில் சில முறை அவருக்குப் பதிலாக நர்ஸ் பிராக்டிஷனர், அதாவது கூடுதல் படிப்பு படித்த நர்ஸ், பார்க்கலாம்). உங்கள் பழைய குடும்ப டாக்டர் அதற்கெல்லாம் வருவாரா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலானவர்கள் வருவதில்லை. அதனால்தான் எல்லாரும் அந்த இடத்தின் டாக்டரிடமே போய் நிற்கிறார்கள். ஹாஸ்பிஸ் (கடைசிக் காலத்தில் வலி தணித்துக் கவனிக்கும் சேவை) விஷயத்திலும் கவனம் வேண்டும்: நீங்கள் விரும்பும் ஹாஸ்பிஸோடு அந்த நர்சிங் ஹோமுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால்தான் அவர்கள் உள்ளே வந்து பார்க்க முடியும்.

அம்மா ஆண் எய்ட் தொடக்கூடாது என்கிறார். கேட்டால் தப்பாக நினைப்பார்களா?

கேளுங்கள். ரொம்ப சாதாரணமான கோரிக்கை, நம்மவர்கள் மட்டும் கேட்பதில்லை. குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது, டாய்லெட்டுக்குக் கூட்டிப்போவது எல்லாம் செய்வது நர்ஸ் இல்லை, நர்சிங் எய்ட், சி.என்.ஏ. என்று சொல்வார்கள். மத்திய அரசு விதிப்படி குறைந்தபட்சம் 75 மணி நேரப் பயிற்சி, குறைந்த சம்பளம். ஒரு நாளில் அம்மா உடம்பை அதிகம் தொடுவது இவர்தான், ஆகவே "யார்" என்கிற கேள்வி இங்கேதான் உண்மையிலேயே கனமானது.

நீதிமன்றங்களும் இதை ஏற்றுக்கொண்டிருக்கின்றன. டெலவேரில் 'மேசானிக் ஹோம்' என்ற சின்ன முதியோர் இல்லத்தில் ஆண் என்பதால் நர்ஸ் எய்ட் வேலை தரவில்லை என்று ஒருவர் வழக்குப் போட்டார். அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் வயதான பெண்கள், ஆண் தங்களுக்கு அந்தரங்கக் கவனிப்பு செய்வதை அவர்களில் பலர் ஏற்கவில்லை. 1978இல் நீதிமன்றம் இல்லத்தின் பக்கம் தீர்ப்பு சொன்னது.

நடைமுறையில் ஒன்று முக்கியம். வாய்மொழியாக ஒரு நல்ல நர்ஸிடம் சொல்லிவிட்டு வருவது போதாது. அந்த நர்ஸ் பகல் ஷிஃப்ட்டில் இருப்பார், இரவு இரண்டு மணிக்கு அம்மா ஈரத்தில் படுத்திருக்கும்போது உள்ளே வருவது வேறு யாரோ, சனி ஞாயிறு வருவது ஏஜென்சியிலிருந்து முதல்முறை வருகிற ஆள். கேர் பிளானில் எழுதச் சொல்லுங்கள்: "குளியல், உடை, டாய்லெட், டயப்பர்: பெண் எய்ட் மட்டும், மூன்று ஷிஃப்ட்டிலும்." இரவில் பெண் எய்ட் யாரும் இல்லையென்றால் என்ன செய்வீர்கள் என்பதையும் அப்போதே கேட்டு எழுதிவையுங்கள். பக்கத்து பிரிவிலிருந்து கூப்பிடுவார்களா, நர்ஸே செய்வாரா, அம்மா அதுவரை காத்திருக்கத் தயாரா? காத்திருப்பதைவிட யார் வந்தாலும் பரவாயில்லை என்று அம்மா சொல்லலாம், அதுவும் அவர் விருப்பம்தான்.

அப்பாக்களை யாரும் கேட்பதேயில்லை. எய்டுகளில் பெரும்பாலோர் பெண்கள். அப்பா "பரவாயில்லம்மா" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் அவருக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அவரையும் கேளுங்கள், மகள் இல்லாத நேரத்தில் கேட்டால் இன்னும் நல்லது.

அம்மா இருக்கும் இடத்தில் ஒரு பாட்டி "கறுப்பினத்து எய்ட் வேண்டாம்" என்று சொல்கிறார். இதுவும் விருப்பம்தானே?

இல்லை. நர்சிங் ஹோம் இதற்கு இணங்கக் கூடாது.

இதற்கு ஒரு வழக்கு இருக்கிறது, இந்தத் துறையில் இருப்பவர்களுக்கெல்லாம் தெரிந்தது. இண்டியானா மாநிலத்தில் 'பிளெயின்ஃபீல்ட் ஹெல்த்கேர் சென்டர்' என்ற நர்சிங் ஹோமில் பிரெண்டா சேனி என்ற கறுப்பினப் பெண் எய்டாக இருந்தார். தினமும் கையில் கொடுக்கும் வேலைத் தாளிலேயே ஒருவர் பெயருக்கு எதிரே, கறுப்பின எய்ட் வேண்டாம் என்று விரும்புகிறார் என அச்சடித்திருந்தது. நிர்வாகம் அதைக் கொள்கையாகவே வைத்திருந்தது. ஒருநாள் அந்த மூதாட்டி தரையில் கிடக்கிறார், எழுந்து நிற்கத் தெம்பில்லை. சேனி பக்கத்திலேயே இருக்கிறார், தூக்கிவிட ஆசைதான், ஆனால் தொடக்கூடாது என்று உத்தரவு. கட்டடம் முழுக்க ஒரு வெள்ளை எய்டைத் தேடிக்கொண்டு போக வேண்டியிருந்தது. சக ஊழியர்கள் சிலர் அவரை இனவசைச் சொல்லால் அழைத்ததும் நடந்தது. மூன்று மாதத்தில் வேலையும் போனது.

கீழ் நீதிமன்றம் நர்சிங் ஹோம் பக்கம். 2010 ஜூலையில் சிகாகோவில் இருக்கும் ஏழாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, வாடிக்கையாளரின் இன விருப்பத்தை வைத்து ஊழியருக்கு வேலை பிரிப்பது 1964ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டத்துக்கு விரோதம் என்றது. நர்சிங் ஹோமின் வாதம் என்ன தெரியுமா? இங்கே இருப்பவர்களுக்குத் தங்களைக் கவனிப்பவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு, நாங்கள் அதைத்தான் மதித்தோம் என்பது. நீதிமன்றத்தின் பதில் சுருக்கமானது: அவர் தன் செலவில் வெளியிலிருந்து ஓர் ஆளை வைத்துக்கொண்டால் அந்த ஆளை உள்ளே விட வேண்டியிருக்கலாம், ஆனால் உங்கள் சம்பளத்தில் இருக்கும் ஊழியரை இனம் பார்த்து ஒதுக்க அந்த உரிமை அனுமதி தரவில்லை.

ஆண்–பெண் பார்க்கலாம், இனம் பார்க்கக் கூடாதா? ஒன்றுக்கு ஒன்று முரணாக இல்லையா?

இல்லை. முன்பின் தெரியாத ஆணுக்கு முன்னால் உடை களைவதில் இருக்கும் கூச்சம் தன் உடம்பைப் பற்றியது, அந்த ஆண் கெட்டவர் என்று அதற்கு அர்த்தம் கிடையாது. கறுப்புக் கை தொடக்கூடாது என்பது எதிரே நிற்பவரைப் பற்றிய தீர்ப்பு. சட்டத்திலும் இந்த வித்தியாசம் இருக்கிறது: வேலைக்கு உண்மையிலேயே அவசியம் என்றால் பாலினத்தைக் கணக்கில் எடுக்க 1964 சட்டமே ஒரு குறுகிய விதிவிலக்கு தருகிறது, இனத்துக்கும் நிறத்துக்கும் அந்த விதிவிலக்கைத் தரவேயில்லை.

அப்படியானால் அந்தப் பாட்டியை என்னதான் செய்வது? அவர் எய்டைத் திட்டுகிறார், கையைத் தட்டிவிடுகிறார்.

அந்தத் தீர்ப்பிலேயே சில வழிகள் சொல்லியிருக்கிறார்கள். சேர்க்கும்போதே எங்கள் இடத்தில் பாகுபாடு கிடையாது என்று சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்கலாம். சேர்ந்த பிறகு அவரிடம் பேசி நடத்தையை மாற்றப் பார்க்கலாம். இனத்தைத் தொடாத வேறு அளவுகோல்களை வைத்து, மோதல் குறையும்படி வேலையைப் பிரிக்கலாம். வசைபாடும் ஆளிடமிருந்து பாதுகாப்பு வேண்டுமென்று எய்டே கேட்டால், அதைக் கேட்கலாம் என்று ஊழியர்களுக்குச் சொல்லியும் வைக்கலாம். கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள்: எய்ட் விரும்பினால் அவரை மாற்றலாம். "உனக்கு நல்லதுக்குத்தான்" என்று சொல்லி நிர்வாகமே மாற்றினால் சேனி வழக்கின் கதைதான்.

பாட்டிக்கும் மறுக்கும் உரிமை இருக்கிறது. "இவர் கையால் இப்போது குளிக்க மாட்டேன்" என்று அவர் சொன்னால் பலவந்தமாகக் குளிப்பாட்ட முடியாது. மறுத்தால் என்ன ஆகும் என்று விளக்கி, எழுதிவைத்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்பார்கள். அவர் மறுப்பார் என்பதற்காக எல்லாத் தாளிலும் "வெள்ளையர் மட்டும்" என்று அச்சடிப்பதுதான் தவறு.

நம் வீட்டுப் பெரியவர்களும் இதில் யோக்கியர்கள் என்று சொல்ல முடியாது. எய்டு வேலையில் இருப்பவர்களில் நிறையப் பேர் கறுப்பினத்தவர்கள், ஹெய்ட்டி, பிலிப்பைன்ஸ், ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள். "அந்தக் கறுப்பி வந்தா எனக்குப் பயமா இருக்கு" என்று தமிழில் சொன்னால் யாருக்கும் புரியாது என்று நினைக்கிறார்கள். முகத்தைப் பார்த்தாலே புரியும். இதை மொழிபெயர்த்து "அம்மாவுக்கு அவரோடு சௌகரியப்படவில்லை" என்று நர்ஸிடம் மென்மையாக எடுத்துச் சொல்லும் மகன்களும் அந்தப் பாகுபாட்டில் பங்காளிகள்தான். அம்மாவிடம் நேரடியாகப் பேசுங்கள்.

"அந்தப் பொண்ணு வேண்டாம்" என்று மட்டும் சொல்கிறார், ஏன் என்று கேட்டால் பேச மறுக்கிறார். என்ன செய்வது?

மற்றதைவிட இதில்தான் அதிகம் நேரம் செலவழியுங்கள், ஏனென்றால் இந்த மூன்று வார்த்தைக்குப் பின்னால் எதுவும் இருக்கலாம். தண்ணீர் ஜில்லென்று இருந்திருக்கலாம். தோள் வலிக்கும் பக்கமே இழுத்துத் திருப்பியிருக்கலாம். போனில் காதை வைத்துக்கொண்டே ஊட்டியிருக்கலாம். அம்மாவின் தாலியையோ வளையலையோ கழற்றச் சொல்லியிருக்கலாம். பேசுவது புரியாமல் இருக்கலாம். இவற்றில் பாதிக்கும் மேல் ஆளை மாற்றாமலேயே தீர்க்கக்கூடியவை. அந்த எய்டுக்கே சொன்னால் "அடடா, தெரியாமப் போச்சே" என்று திருத்திக்கொள்வார். காரணம் கேட்காமல் ஆளை மட்டும் மாற்றினால் அடுத்தவரும் அதே தோளைத்தான் இழுப்பார்.

அல்லது அடித்திருக்கலாம். மிரட்டியிருக்கலாம், தொடக்கூடாத விதத்தில் தொட்டிருக்கலாம், பணம் எடுத்திருக்கலாம். அப்படிச் சின்ன சந்தேகம் எழுந்தாலும் அது விருப்பம் பற்றிய பேச்சே இல்லை, புகார். துன்புறுத்தல் என்று குற்றச்சாட்டு வந்தால் 2 மணி நேரத்துக்குள் நர்சிங் ஹோம் மாநில அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும், விசாரணை முடிவை 5 வேலை நாளுக்குள் தர வேண்டும், அதுவரை அம்மாவுக்கு மறுபடி எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். "சரி, அந்தப் பெண்ணை வேற விங்குக்கு மாத்திட்டோம், பிரச்சினை முடிஞ்சுது" என்று சொன்னால் முடியவில்லை. அந்த விங்கிலும் யாரோ ஓர் அம்மா படுத்திருக்கிறார்.

எப்படிக் கேட்பது? கதவை மூடிக்கொண்டு, தனியாக, தமிழில். "ஏன்" என்று கேட்காதீர்கள், குற்றவிசாரணை மாதிரி இருக்கும். "அவங்க வந்தா என்ன பண்ணுவாங்க, முதல்லேர்ந்து சொல்லுங்கம்மா" என்று கேளுங்கள். பழைய காயங்களும் இப்படித்தான் வெளியே வரும். இளவயதில் நடந்த வன்முறை, போர், முகாம். 2019 நவம்பரிலிருந்து அப்படிப்பட்ட பழைய அதிர்ச்சிகளைக் கணக்கில் எடுத்தே கவனிப்பு தர வேண்டும் என்பதும் விதி. முழுக் கதையையும் ஊழியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, "இருட்டில் பின்னாலிருந்து தொடாதீர்கள், முதலில் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள்" என்பது மட்டும் கேர் பிளானில் இருந்தால் போதும்.

மறதி நோய் இருப்பவருக்கு விருப்பம் என்று ஒன்று உண்டா?

உண்டு. நேற்று என்ன சாப்பிட்டார் என்று தெரியாதவருக்கு எந்தக் கை முரட்டுக் கை என்று தெரியும். ஒருவர் உள்ளே வந்தால் உடம்பு விறைக்கிறது, இன்னொருவர் வந்தால் தானே கையை நீட்டுகிறார் என்றால் அதுதான் அவர் சொல்லும் பதில். "காம்பேட்டிவ்" (சண்டை போடுகிறார்) என்று சார்ட்டில் எழுதி மாத்திரை கேட்பதற்கு முன்னால் யார் குளிப்பாட்டும்போது, எந்த நேரத்தில், எப்படி என்று எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். உடம்பை முழுக்கத் திறக்காமல் வெதுவெதுப்பான துண்டால் மூடியபடியே பகுதி பகுதியாகத் துடைத்தால் பாதிச் சண்டை நின்றுவிடும்.

அம்மா ஒருவரைக் கேட்கிறார், நாங்கள் பிள்ளைகள் வேறொருவர் நல்லது என்கிறோம். யார் பேச்சு செல்லும்?

அம்மா பேச்சு. பவர் ஆஃப் அட்டர்னி உங்கள் பெயரில் இருந்தாலும் அவர் ஒப்படைத்த விஷயங்களில், ஒப்படைத்த அளவுக்குத்தான் நீங்கள் முடிவெடுக்கலாம். நீதிமன்றமே அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று சொல்லியிருந்தாலும், அவர் விருப்பத்தைக் கேட்டுக் கணக்கில் எடுக்க வேண்டும். கேர் பிளான் மீட்டிங்கில் நர்ஸ் உங்களைப் பார்த்தே பேசினால் நாற்காலியை அம்மா பக்கம் திருப்பச் சொல்லுங்கள்.

"ஆள் பற்றாக்குறை, ஒன்றும் செய்ய முடியாது" என்கிறார்கள்.

பற்றாக்குறை உண்மை. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 3.48 மணி நேரக் கவனிப்பு என்று 2024இல் மத்திய அரசு ஒரு குறைந்தபட்ச அளவு கொண்டுவந்தது, 2025 ஏப்ரலில் டெக்சாஸில் ஒரு மத்திய நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. இருந்தாலும் தேவையான அளவு ஊழியர் இருக்க வேண்டும் என்கிற பழைய விதி அப்படியேதான் இருக்கிறது.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இது: ஒரே எய்டுகளை ஒரே ஆட்களுக்குத் தொடர்ந்து போடுகிறீர்களா, இல்லை வாரா வாரம் சுற்றிவிடுகிறீர்களா? இதற்குப் புதிய ஆள் தேவையில்லை, இருக்கிற ஆட்களைப் பிரிக்கும் விதம்தான் மாற வேண்டும். தினமும் வரும் முகம் ஒன்றே என்றால், தேர்வு பற்றிய பாதிப் பிரச்சினை எழவே எழாது. இடத்தைத் தேடும்போதே கேளுங்கள்; பதில் சொல்பவர் தடுமாறினால் அங்கே நடக்கும் எய்ட் ஒருவரையே கேளுங்கள், "எத்தனை நாளா இந்த ரூமைப் பாக்குறீங்க?"

தமிழ் தெரிந்த எய்ட் கிடைப்பாரா?

பெரும்பாலான ஊர்களில் கிடைக்க மாட்டார். ஆனால் தன் உடல்நிலையைத் தனக்குப் புரியும் மொழியில் தெரிந்துகொள்ளும் உரிமை அம்மாவுக்கு உண்டு. போனிலாவது வீடியோவிலாவது இலவசமாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கொடுக்க வேண்டும், நீங்களேதான் மொழிபெயர்க்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. அன்றாடத்துக்கு வலி, தண்ணீர், பாத்ரூம், குளிருது, போதும் என்கிற வார்த்தைகளை ஆங்கில எழுத்தில், படத்தோடு எழுதிக் கட்டில் பக்கம் ஒட்டுங்கள். ஆர்வமாகக் கற்றுக்கொள்ளும் எய்டுகள் உண்டு.

நாங்களே சம்பளம் கொடுத்து ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாமா?

பொதுவாக முடியும். நிர்வாகத்தின் நிபந்தனைகளைக் கேளுங்கள்: பின்னணிச் சோதனை, தடுப்பூசி, யார் தூக்கலாம், யார் மருந்து தரலாம். செலவு கையை விட்டுத்தான். பேச்சுத்துணைக்கும் சாப்பாட்டு நேரத்துக்கும் மட்டும் வைப்பவர்கள் அதிகம். இப்படி ஆள் வைத்திருக்கிறீர்கள் என்பதற்காக நர்சிங் ஹோம் தன் வேலையைக் குறைத்துக்கொள்ளக் கூடாது, அதைக் கண்காணிப்பதும் உங்கள் தலையில்தான் விழும்.

புகார் செய்தால் அம்மா மேல் காட்டுவார்களோ என்று பயம்.

எல்லாருக்கும் இருக்கும் பயம், காரணமில்லாத பயமும் இல்லை. பழிவாங்கப்படாமல் குறை சொல்லும் உரிமை விதியிலேயே இருக்கிறது, குறைகளைக் கவனிக்க ஒருவரை நியமித்திருக்க வேண்டும், கேட்டால் எழுத்தில் பதில் தர வேண்டும். குறை சொன்னதற்காக வெளியேற்ற முடியாது. வெளியேற்றச் சட்டம் அனுமதிக்கும் காரணங்கள் ஆறுதான், அதற்கும் பொதுவாக 30 நாள் முன் அறிவிப்பு வேண்டும், மேல்முறையீடும் செய்யலாம். மெடிக்கெய்டில் இருப்பவருக்கும் கையிலிருந்து பணம் கட்டுபவருக்கும் இதில் வித்தியாசம் கிடையாது.

வரிசை என்று பார்த்தால் முதலில் அந்த ஷிஃப்ட்டின் சார்ஜ் நர்ஸ், அப்புறம் சோஷியல் வொர்க்கர், டைரக்டர் ஆஃப் நர்சிங், அட்மினிஸ்ட்ரேட்டர். தேதியோடு எழுதி, ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். எய்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் "அம்மாவுக்கு இன்னது வேண்டும்" என்று ஆரம்பித்தால் காரியம் சீக்கிரம் நடக்கும். துன்புறுத்தல் என்றால் இந்த வரிசையெல்லாம் வேண்டாம், நேரே மாநில அதிகாரிகளிடம் போங்கள்.

ஓம்புட்ஸ்மன் என்று ஒருவர் பெயர் சுவரில் இருக்கிறதே, அவர் யார்?

அங்கே இருப்பவர்களின் குறைகளைக் கேட்டு அவர்களுக்காகப் பேசுபவர், நர்சிங் ஹோமின் ஆள் இல்லை. 1978இலிருந்து ஒவ்வொரு மாநிலத்திலும் இருந்தாக வேண்டிய பதவி, சேவை இலவசம். கூப்பிட்டால் நேரில் வருவார், அம்மாவிடம் தனியாகப் பேசுவார். நீங்கள்தான் கூப்பிட்டீர்கள் என்றாலும் அம்மா சம்மதித்தால்தான் மேலே நடவடிக்கை எடுப்பார், அம்மா "விட்டுடுங்க" என்று சொன்னால் விட்டுவிடுவார், உங்களுக்கு எவ்வளவு கோபம் வந்தாலும் சரி.